எறியத்தக்கதோ கறிவேப்பிலை?

“கறிவேப்பிலையைப் போலத் தூக்கி எறிந்துவிட்டார்கள்” என்று ஒருமுறையேனும் சொல்லி வருந்தாத தமிழர் மும்பையில் அரியர். உழைப்பைக் கொண்டு ஊர் நம்மைக் கைவிட்டதென்று புலம்புகிறோம். ஆனால் அவ்விலையை நாள்தோறும் எறியும் கை எவருடையது? நம்முடையதே அன்றோ!

எறிவதற்கென்று தோன்றிய இலையன்று அது. பெயரில் வேம்பு இருப்பினும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலைத் தளிரும் கலந்து விருந்தளித்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அங்கு அதன் பெயர் ‘கஞ்சகம்’. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் தங்கி நம் செடிகொடிகளை ஆய்ந்த கேனிக் என்னும் ஐரோப்பிய மருத்துவரின் பெயரைத் தாவர நூலார் இதற்குச் சூட்டினர். அயலார் போற்றிய இலையை நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம்.

அதன் பெயரையும் ஒதுக்கிவிட்டோம். மாட்டுங்காக் கடைத்தெருவில் ‘கடிபத்தா’ என்றே கேட்டு வாங்குகிறோம். மராத்தியர் தம் மொழியில் அவ்வாறு அழைப்பது முறையே, அவர்மேல் குறையில்லை. நம் வீட்டு அடுக்களையிலும் பிள்ளைகள் அப்பெயர் ஒன்றையே அறிவராயின், குறை எவர்மேல்?

இலைக்கு நேர்ந்ததே மொழிக்கும் நேர்கிறது. பொங்கல் விழா மேடையில் தமிழைத் தாளிக்கிறோம், மணம் எழுகிறது, கை தட்டுகிறோம், வீடு திரும்பியதும் ஒதுக்கிவிடுகிறோம். தமிழ்வழிப் பள்ளிகள் தேய்வதை எண்ணி மேடையில் உருகும் மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களுள் தம் பிள்ளையை அங்கு அனுப்பியவை எத்தனை? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டு வாழ்ந்தோரின் தாராவியன்றோ அச்சுமையைப் பெரிதும் தாங்கியது! அவர்களை விழாப் பந்தலின் பின்வரிசையில் அமர்த்தும் நாம், ஊர் நம்மை எறிந்ததென்று எந்த வாயால் சொல்வது?

“பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டாவா?” என்பர். வேண்டும், மராத்தியும் வேண்டும். அவற்றைக் கற்கும் பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரம் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைத் தடுப்பவர் யார்?

தாளிதத்தில் இட்ட இலை தட்டின் ஓரத்திற்குப் போகிறது. துவையலாக அரைத்தாலோ ஓர் இலையும் வீணாவதில்லை. சோற்றோடு கலந்து உடலில் சேர்கிறது. நம் இல்லங்களில் தமிழும் இனி அவ்வாறு சேரட்டும். அதுவரை, எறியப்பட்டோம் என்று புலம்பும் உரிமை நமக்கில்லை.