ஆயுதம் ஏந்தாதோரும் பதக்கமும்

போர்ப் பதக்கம் ஆயுதம் ஏந்தியவர்க்கே உரியது, சுமை தூக்கியவர்க்கு அன்று என்று வாதிப்போர், 1917 பிப்ரவரி 21 அன்று, விடியுமுன் மூடுபனியில், ஒயிட் தீவுக்கருகே ‘டாரோ’ கப்பல் மோதி ‘மெண்டி’ மூழ்கியபோது, பிரான்சில் யுத்தப்பணி புரியப் புறப்பட்ட அறுநூறு தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் கடுங்குளிர்க் கடலில் மாண்டதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இந்தியத் தொழிற்படையினர்க்கும் சீனர்க்கும் வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்திலேனும் பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பேதமே பெரும் அநியாயம். தென்னாப்பிரிக்க அரசாங்கமோ தன் கறுப்பினத் தொழிற்படையினர்க்கு அந்த வெண்கலத்தையும் மறுத்தது. அதே படையில் அவர்களை மேய்த்த வெள்ளை அதிகாரிகளோ வெள்ளிப் பதக்கமே பெற்றனர். அண்டையிலிருந்த பசுட்டோலாந்திலிருந்து வந்து அதே படையில் அதே உழைப்பை நல்கியவர்க்கு வெண்கலம் கிட்டியது. துப்பாக்கி ஏந்தாமை இருவர்க்கும் பொதுவாயிருக்க, ஒருவர்க்கு ஈந்து மற்றவர்க்கு மறுத்ததற்கு எதிர்க்கட்சியார் எந்தப் போர்த் தர்மத்தைப் பிரமாணமாகக் காட்டப்போகிறார்கள்?