தேர் எந்தத் தெரு வரை வருகிறது?

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டாரத்தில் உள்ள கோட்டப்பாளையம், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பங்கு. அந்த ஊர்த் தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் சொந்தக் கோயிலிலேயே தாங்கள் ஒதுக்கப்படுவதாகச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். திருவிழாவில் சமமான பங்கு இல்லை, கோயில் காரியங்களில் இடம் இல்லை, இறந்த பிறகும் சம மரியாதை இல்லை என்பது அவர்களுடைய முறையீடு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது.

வழக்கில் யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த முறையீடு எழுப்பும் கேள்வி ஒரு ஊரோடு முடிவதல்ல என்பதால்தான் இந்த வாரம் அதை எடுத்துக்கொள்கிறோம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. திருவிழாவுக்கு வரி வசூலிக்க வருகிறவர்கள் பல ஊர்களில் சேரித் தெருவுக்குள் வரமாட்டார்கள். "கூலி வேலை செய்கிற சனம், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று அன்பாகவே சொல்வார்கள். ஆனால் வரி கொடுக்காதவருக்கு மண்டகப்படி கிடையாது. விழாக் குழுவில் நாற்காலி கிடையாது. தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பேச வாய் கிடையாது. காசு வேண்டாம் என்பது இரக்கம்போலத் தெரிகிறது. உண்மையில் அது உரிமையைத் தராமல் இருக்க ஒரு வழி.

நற்செய்திப் பணி, இரக்கம், மனந்தளராமை என்ற மூன்று சொற்களையும் கிறிஸ்தவப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது இந்த மூன்றால்தான் என்கிறார்கள். சரிதான். அந்த மூன்றும் நம் தெருவில் என்னவாக இருந்தன, என்னவாக இருக்கின்றன என்று பார்ப்போம்.

குருவாக முடியாத உபதேசியார்

தமிழகத்தில் புராட்டஸ்டண்ட் நற்செய்திப் பணி 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவோடு தொடங்கியது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ராஜநாயக்கன் என்ற பெயரை அதில் படித்திருக்க மாட்டோம். பறையர் சமூகத்தில் பிறந்த அவர் தஞ்சை அரசின் படையில் இருந்தவர். தமிழில் அச்சான நற்செய்தியை வாசித்து, அதனால் ஈர்க்கப்பட்டுத் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்தார். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராகப் போய் சபைகளை வளர்த்தார்.

1733-இல் இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் தர மிஷன் முடிவு செய்தது. அது வேளாளரான ஆரோனுக்குக் கிடைத்தது. அடுத்த முறை ராஜநாயக்கனின் பெயர் பேச்சில் வந்தது. அவருடைய உழைப்பில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார். வேலையை விட்டு ஓடவும் இல்லை.

நற்செய்திப் பணி என்றதும் கப்பலில் வந்த வெள்ளைக்காரரின் படம்தான் நம் மனத்தில் எழுகிறது. ஊர்களில் நடந்து நடந்து அந்தப் பணியைச் செய்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பணி நம்முடையது, பட்டம் வேறு ஒருவருடையது என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

இரக்கம் நிலமாக மாறியபோது

இரக்கம் உரிமையைப் பறிக்கும் என்று மேலே சொன்னோம். அதே இரக்கம் உரிமையாகவும் மாறும். அதற்குச் செங்கல்பட்டு மாவட்டமே சாட்சி.

1880-களின் இறுதியில் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் (Free Church) ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடியும் பணியாற்றினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், பஞ்ச காலத்தில் உதவினார்கள். அதோடு அவர்கள் நிற்கவில்லை. பண்ணையாளாக இருப்பவருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர் தடுக்கிறார், தாலுகா அலுவலகம் அவருக்கே துணை நிற்கிறது என்பதைக் கண்டார்கள். அதைப் பத்திரிகையில் எழுதினார்கள், அரசிடம் வாதாடினார்கள்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது அதில் பிறந்தது. அந்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு அது தரப்பட்டது.

கஞ்சி ஊற்றுவது ஒரு நாள் இரக்கம். பட்டா வாங்கித் தருவது தலைமுறைக்கான இரக்கம். அந்த நிலத்தில் பெரும்பகுதி பின்னால் கைமாறிப் போனது தனிக் கதை. அதை மீட்கக் கேட்டு எழுந்த காரணை போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலியானார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள். சேரிக்கு வரும் குண்டு சர்ச்சுக்குப் போகிறவரா, கோயிலுக்குப் போகிறவரா என்று கேட்டு வருவதில்லை.

சட்டம் மட்டும் கேட்கிறது

சட்டம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்து சமயத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

மாணவர்கள் இதன் விளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசின் சில கல்வி உதவிகள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது. தனித் தொகுதியிலும், ஊராட்சியில் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடத்திலும் போட்டியிட முடியாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்காது. மதம் மாறி போதகராக இருக்கும் ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் புகார் தர முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. அதற்கு முன், 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1985-இல் சூசை என்பவரின் வழக்கு வந்தது. அவர் சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்தவர். தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. சாதியின் இழிவு மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. சூசை அதே தொழிலைச் செய்தார், அதே நடைபாதையில் உட்கார்ந்தார். அது சான்றாகப் போதவில்லை.

மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது.

டெல்லியில் ஒரு பேச்சு, ஊரில் ஒரு பேச்சு

இங்கேதான் கோட்டப்பாளையத்துக்குத் திரும்ப வேண்டும். "மதம் மாறினாலும் சாதி போகவில்லை, எங்கள் மக்களைப் பட்டியலில் சேருங்கள்" என்று திருச்சபைத் தலைவர்கள் டெல்லியில் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நாமும் கேட்கிறோம். ஆனால் அதே சாதியைப் பற்றி ஊரில் புகார் எழுந்தால், "அது ஊர் வழக்கம்", "இரு தரப்பும் பேசித் தீர்க்கட்டும்" என்ற பதில் வருகிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. சாதி இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னால், அதைப் பங்கில் ஒழிக்கும் கடமையும் கூடவே வருகிறது.

திருச்சபைக்கு இது தெரியாதது அல்ல. போப் இரண்டாம் ஜான் பால் 2003-இல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022-இல் ஐதராபாத் பேராயர் பூலா அந்தோணி தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். கொள்கை இருக்கிறது, கர்தினாலும் இருக்கிறார். தெருவுக்குத் தேர்தான் வரவில்லை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் சுட்டதில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகவும் வருந்துகிறோம். சாதி, தன்னைச் சுமப்பவரையும் விடுவதில்லை.

முடியாது என்று சொல்பவர்கள் வடக்கன்குளத்தைப் பார்க்க வேண்டும். நெல்லைச் சீமையின் அந்தப் பழைய பங்கில், கோயிலுக்குள்ளேயே வேளாளரையும் நாடாரையும் சுவர் பிரித்து வைத்திருந்தது. 1910-இல் சேசு சபைக் குருக்கள் அதை இடித்தார்கள். சாதிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்பவில்லை. ஒரு குருவும் ஒரு ஆயரும் உறுதியாக நின்றால் நடக்கும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி அது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த உயர்சாதிக்காரர். ஒடுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகியதும் அவர் மீது கோபம் எழக் காரணம் என்று திருச்சபை சொல்கிறது. மூன்றாண்டுச் சிறைக்கும் சித்திரவதைக்கும் பிறகு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் நீக்கியிருந்தது. புனிதரின் பெயரிலிருந்து சாதியை எடுக்க முடிந்தவர்களுக்கு, தேர்ப்பாதையிலிருந்தும் கல்லறையிலிருந்தும் அதை எடுக்க முடியாதா?

நாம் கேட்பது

சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. திருவிழா வரியை எல்லாத் தெருவிலும் ஒரே தொகையாக வாங்குங்கள், வரி கொடுத்தவருக்குக் குழுவில் இடம் கொடுங்கள். எல்லாத் தெருவுக்கும் தேர் போகட்டும். போக முடியாவிட்டால் எந்தத் தெருவுக்கும் போக வேண்டாம். கல்லறைக்கு ஒரே வாசல், ஒரே பதிவேடு இருக்கட்டும். மிஷன் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சூசையின் வழக்கில் சான்று போதவில்லை என்றார்கள். உங்கள் ஊரில் தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, கல்லறை எங்கே பிரிகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆணையமோ நீதிமன்றமோ கேட்கும்போது அதுதான் சான்று.

மனந்தளராமையை நம் மக்களுக்கு யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை. ராஜநாயக்கன் காலத்திலிருந்து, அவமானம் நடக்கும் அதே கோயிலுக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்தப் பொறுமைக்குப் பதில் சொல்ல வேண்டியது மற்ற தெருக்காரர்கள். அடுத்த திருவிழாவில் தேர் புறப்படும்போது, அது எந்தத் தெரு வரை வருகிறது என்று பார்ப்போம்.