ஒரு முறை கேட்டால் போதுமா?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜூடித் ஹேயர் 1981-82இல் அன்றைய கோவை மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நிலம், கூலி, கடன், யார் யாரிடம் பண்ணையாளாக இருக்கிறார் என்பதெல்லாம் அதில் பதிவாயின. பலர் அத்தோடு எழுதி முடித்துவிடுவார்கள். ஹேயர் 1996இல் அதே ஊர்களுக்குத் திரும்பினார். 2008-09இல் மறுபடியும் வந்தார். அதற்குள் பண்ணையாள் முறை தேய்ந்திருந்தது. பனியன் கம்பெனிகளும் தறிக்குடோன்களும் ஆண்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டியிருந்தன. தலித் பெண்கள் பலர் கூலி வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதையே ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு என்னவென்று சொல்லும்? வேலையில் பெண்களின் பங்கு குறைந்தது என்று சொல்லும். அது பொய்யல்ல. ஆனால், 1981இல் அந்த வீட்டுப் பெண்கள் எந்த வெயிலில், எந்தக் கூலிக்கு, என்ன அவமானத்தோடு உழைத்தார்கள் என்று அறிந்தவருக்கு, வேலையை விட்டது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் தெரியும். அதே நேரம் கணவனின் வருமானத்தைச் சார்ந்திருக்க நேர்ந்ததும் தெரியும். திரும்பி வந்ததால் மட்டுமே இந்த இரண்டையும் சேர்த்து எழுத முடிந்தது.

கோவையின் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட் காலத்தில் நடப்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர்களின் ‘பணித் திருப்தி’ பற்றி வினாத்தாள் தயாராகிறது. கையில் கிடைத்த நூறு, நூற்றைம்பது பேர் அதை நிரப்புகிறார்கள். சதவீதமும் கை-வர்க்கச் சோதனையும் போட்டு, பைண்டு செய்து, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அது அலமாரிக்குப் போகிறது. குறை மாணவர்களுடையதல்ல. எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் முன்பே எப்படிக் கேட்பது என்பதை அவர்கள் கையில் திணிக்கிறோம்.

நோக்கம் மாறினால் ஒரே மண் வேறு வேறாகத் தெரியும். 1887இல் எஃப்.ஏ. நிக்கல்சன் எழுதிய கோவை மாவட்டக் கையேடு நிர்வாகத்துக்காக எழுதப்பட்டது. கிணறும் வரியும் விளைச்சலும் அதில் விரிவாக உண்டு. 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் வந்தது சமூக அமைப்பைப் புரிந்துகொள்ள. சாதிகளுக்கிடையிலான வலங்கை, இடங்கைப் பிரிவினை சடங்கிலும் உறவுமுறையிலும் எப்படி வாழ்கிறது என்று தேடினார். கொங்குநாட்டு நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையையும் ஒலிப்பதிவு செய்தார். 1990களில் திருப்பூருக்கு வந்த ஆய்வாளர் சரத் சாரியின் கேள்வி ‘எப்படி’ என்பது. உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பனியன் முதலாளிகளானது எப்படி? கேட்டபோதெல்லாம் ‘உழைப்பு’ என்ற பதில்தான் வந்தது. அதை அவர் அப்படியே ஏற்கவுமில்லை, ஒதுக்கவுமில்லை. பண்ணையாளை வேலை வாங்கிய முறை தையல் மெஷின்களுக்கு நடுவே எப்படி வந்து சேர்ந்தது என்று பின்தொடர்ந்தார். 2004இல் வெளியான அவருடைய நூலின் வலு அந்த விடாப்பிடியில் இருக்கிறது.

மானிடவியலாளர் ஹீர்ட் டி நெவ் குமாரபாளையம் விசைத்தறிகளில் செய்த ஆய்வை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும் என்பேன். தறி ஓட்டுபவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். அதை அங்கே ‘பாக்கி’ என்பார்கள். அதைக் கொத்தடிமைத்தனம் என்று முன்கூட்டியே முடிவுகட்டிப் போனால் பாதிதான் தெரியும். ஆள் பற்றாக்குறையான காலத்தில் தொழிலாளிகள் பெரிய பாக்கி கேட்டுப் பேரம் பேசியதும், கொடுத்த முதலாளிகளே பின்னால் கையைப் பிசைந்ததும் அங்கே நெடுநாள் இருந்தவருக்குத்தான் தெரிந்தது. பின்னர் ஆய்வாளர் கிரேஸ் கார்ஸ்வெல்லுடன் சேர்ந்து திருப்பூர் வட்டாரத்தின் இரண்டு கிராமங்களை அவர் ஒப்பிட்டார். ஒன்றில் தலித்துகள் பனியன் வேலைக்குப் போய்வந்தார்கள். மற்றதில் உள்ளூர்த் தறிக்குடோன்களில் முன்பணத்தில் கட்டுண்டார்கள். தொழில் வளர்ந்தால் சாதிப்பிடி தானாகத் தளரும் என்ற எளிய கருதுகோளை அந்த ஒப்பீடு உடைத்தது. இரண்டு ஊர்களுக்கும் அவர்கள் புனைபெயர்தான் இட்டார்கள். பேசியவரின் பிழைப்பைக் காப்பதும் ஆய்வு முறையின் ஒரு பகுதி.

எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் அப்படியே. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னதை நாம் அறிவோம். மில் வளாகத்துக்குள், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க, ‘வசதியெல்லாம் எப்படி?’ என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? 2011இலும் 2014இலும் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகள் உலகத்தின் கவனத்தை ஈர்த்தன என்றால், அந்தப் பெண்களின் குரல் ஆலைக்கு வெளியே கேட்கப்பட்டதே முக்கியக் காரணம்.

தரவிலும் பள்ளங்கள் உண்டு. 1979இல் ஈரோடு பகுதி தனி மாவட்டமானது, 2009இல் திருப்பூர். ஆகவே, 1971ஆம் ஆண்டின் ‘கோவை மாவட்டம்’ வேறு, 2011இன் கோவை மாவட்டம் வேறு. எல்லையைச் சரிபார்க்காமல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் இணைப்பது பிழை. வாக்காளர் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால், திருப்பூரில் தைக்கும் ஒடிசா, பிஹார் தொழிலாளர்கள் ஆய்விலிருந்தே காணாமல் போவார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமானது.

ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது நம்மால் முடியாத காரியமா? 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராம ஆய்வுக்கு அனுப்பினார். 1936-37இல் அதே கிராமங்கள் மறு ஆய்வு செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் 2008 வரை திரும்பத் திரும்பப் போனார்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்திலிருக்கும் அந்த ஊரின் நிலமும் கூலியும் சாதியும் ஏறத்தாழ நூறாண்டில் மாறிய விதம் நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தது மாணவர்களின் கணக்கெடுப்புதான்.

கொங்குநாட்டின் ஒவ்வொரு கலைக் கல்லூரியும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளட்டும். பல்லடத்துத் தறி ஊராக இருக்கலாம், பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஊராக இருக்கலாம், சூலூர் பக்கத்து மில் ஊராகவும் இருக்கலாம். முதல் அணி வினாத்தாள் இல்லாமல் போய் இருந்து கேட்டு வரட்டும். அடுத்த அணி அந்தக் குறிப்புகளிலிருந்து வினாக்களை எழுதட்டும். ஐந்தாண்டு கழித்து வரும் அணி அதே வீடுகளின் கதவைத் தட்டட்டும். பல்கலைக்கழகம் இதைத் தனித்தனி புராஜெக்டுகளுக்கு மாற்றாக ஏற்க வேண்டும். மதிப்பெண் விதியில் ஒரு திருத்தம் போதும். அறிக்கையைத் தமிழில் எழுதி, ஆட்களின் அடையாளத்தை நீக்கி, அந்த ஊர் நூலகத்தில் ஒரு படி வைக்கட்டும். ஊரார் படித்துவிட்டுத் தவறு என்று சுட்டும் இடங்களிலிருந்து அடுத்த அணி தன் கேள்விகளைத் தொடங்கட்டும்.