பட்டமும் பயிற்சியும்

கல்வியின் பயன் இரண்டு. ஒன்று, அறிவு விளங்குதல். மற்றொன்று, அவ்வறிவைக் கொண்டு வாழ்க்கையைச் செம்மையாக நடத்துதல். இவ்விரண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் போன்றவை. ஒன்று சுழல, மற்றொன்று நின்றுவிடுமாயின், வண்டி ஓரிடத்திலேயே வட்டமிடும். ஊர் போய்ச் சேராது. நம் கல்லூரிகள் முதற் சக்கரத்தைப் பேணிய அளவு இரண்டாவதைப் பேணவில்லை. ‘பட்டம் பெற்றபின் யாது செய்வது?’ என்னும் வினாவை மாணவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, விடை காணாது கலங்கும் நிலையே நெடுங்காலம் இருந்துவந்தது.

திருத்தணியில் 1888-ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்றார். அப்பாடத்தை அவர் எவ்வாறு தேர்ந்துகொண்டார்? பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்தார். புதிய நூல்கள் வாங்கும் வசதி குடும்பத்திற்கு இல்லை. கைக்கு வந்த நூல்களே பாடத்தை முடிவு செய்தன என்று அவர் வரலாறு கூறும். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற அவர், பின்னர் மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு ஆகிய இடங்களில் பேராசிரியராய் விளங்கினார். 1962-இல் குடியரசுத் தலைவரும் ஆனார்.

‘வழிகாட்டுவோர் இன்றியே அவர் உயரவில்லையா?’ என்று சிலர் கேட்கலாம். உயர்ந்தார், ஐயமில்லை. ஆயினும், தற்செயலாய்க் கிடைத்த நூல் ஒருவருக்குப் பொருந்தியது கொண்டு, அனைவருக்கும் அவ்வாறே பொருந்தும் என்று கருதலாமா? பொருந்தாத பாடத்தில் சிக்கி வாடியவர்களின் வரலாற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. பேரறிஞர் ஒருவரின் நற்பேற்றை நாட்டின் கல்விமுறைக்கு விதியாகக் கொள்ளுதல் தகாது.

திருத்தணியை அடுத்துள்ள கே.ஜி.கண்டிகையிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் தந்தை உழவர். தாய் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரியின் வாயிலை மிதித்தவன் அவனே. நகரத்து மாணவனுக்கு மாமா வழக்கறிஞர். அத்தை வங்கி அலுவலர். எந்தத் தேர்வு எழுதலாம், எந்த அலுவலகத்தில் என்ன வேலை நடைபெறும் என்பவற்றை அவன் உணவு உண்ணும்போதே கேட்டு அறிகின்றான். கண்டிகை இளைஞனுக்கு அவற்றைச் சொல்வார் யார்? அவனிடம் அறிவு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. செய்தி ஒன்றே குறைவு. அந்தக் குறையைப் பல்கலைக்கழகம் தீர்க்காவிடில், பிறப்பால் வந்த வேற்றுமையைப் பட்டத்தாலும் நீக்க முடியாது.

பயிற்சியோடு கூடிய கல்வி நமக்குப் புதிதன்று. அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலில் தார் சுற்றுவான். பின்னர் அறுந்த இழையை முடியக் கற்பான். அதன் பின்னரே தறியில் அமர்வான். இன்றும் மருத்துவம் பயின்றவர் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி முடித்த பின்னரே முழு மருத்துவர் ஆகின்றார். பட்டயக் கணக்கர் ஆக விரும்புவோர் தணிக்கையாளர் ஒருவரிடம் பயிற்சி பெறுகின்றனர். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்திப் பழகுகின்றனர். இவர்களுக்கு நன்மையாய் உள்ள ஒன்று வரலாறும் வேதியியலும் பொருளாதாரமும் பயில்வோருக்கு மட்டும் வேண்டாததாகுமோ?

அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர், பொறியியல் மாணவர்கள் வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயிலும் முறையை 1906-இல் தொடங்கினார். நம் நாட்டில் 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அது 1973-இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும், 2014-இல் பிற பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச்சு முதல் நாளில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் நடுவண் அரசு, முன்னணி நிறுவனங்கள் ஐந்நூற்றில் இளைஞர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும், திங்கள்தோறும் 5,000 ரூபாய் உதவித்தொகையும் அளிக்கும் திட்டத்தை அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், திட்டம் இருத்தல் வேறு. அது கண்டிகை மாணவனின் கைக்கு எட்டுதல் வேறு.

அது எட்ட வேண்டுமாயின் மூன்று செய்ய வேண்டும். முதலாவது, வழிகாட்டல் இறுதி ஆண்டில் அன்றி முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பயிர் வாடிய பின் பாய்ச்சும் நீரால் பயன் என்ன? இரண்டாவது, பயிற்சி உண்மையான பயிற்சியாக இருத்தல் வேண்டும். தேநீர் வாங்கி வரவும் கோப்புகளைத் தூக்கவும் மாணவனை ஏவிவிட்டுச் சான்றிதழ் அளிப்பது பயிற்சியன்று, ஏமாற்று. கற்பிப்பதற்கென ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவது, பயிற்சிக்கு உதவித்தொகை இன்றியமையாதது. திருத்தணியிலிருந்து சென்னை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நாள்தோறும் சென்று மீளவோ நகரில் தங்கவோ பொருள் வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சி செல்வர் பிள்ளைகளுக்கே பயன்படும்.

பயிற்சி பெற எல்லோரும் தலைநகருக்கே செல்ல வேண்டுவதில்லை. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. கரும்புச் சாற்றில் சர்க்கரையின் அளவை ஆய்தல் வேதியியல் மாணவனுக்கு ஏற்ற பயிற்சியன்றோ? கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள் வணிகவியல் மாணவிக்குப் பாடநூல் ஆகும். திருத்தணிப் பகுதி 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் அறிந்தோர் இங்குப் பலர். எல்லையின் இருபுறமும் பணியாற்ற அவர்களுக்கு இதுவும் ஒரு தகுதியே.

‘இவ்வாறு செய்தால் கல்வி நிறுவனங்களுக்கு ஏவல் செய்யும் ஆளை உருவாக்குவதாக முடியாதா?’ என்று அஞ்சுவோர் உளர். அவர்கள் அச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. நூலறிவைக் குறைத்துப் பயிற்சியை வளர்த்தல் கூடாது. ஆனால், இரண்டும் பகையல்ல. 1948-இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றும், அங்குப் படிப்பும் செயலும் இணைந்து நடைபெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தத்துவப் பேரறிஞரே கையால் செய்யும் வேலையைக் கல்விக்கு இழுக்கென எண்ணவில்லை. மேலும், பயிற்சி ஒருவனுக்கு ஏற்ற தொழிலைக் காட்டுவதோடு, ஏலாத தொழிலையும் காலத்தே காட்டிவிடும். அதுவும் பெரும்பயனே.

மாணவர்களே, கல்லூரி செல்லும் நாள் வரும்வரை காத்திராதீர்கள். உங்கள் ஊர் அஞ்சலகத்திலும் மருத்துவமனையிலும் பட்டறையிலும் நடைபெறும் வேலைகளை உற்று நோக்குங்கள். அவ்வேலைக்கு அவர் எவ்வாறு வந்தார், என்ன படித்தார் என்று பணிவோடு கேளுங்கள். எதைச் செய்யும்போது உங்கள் உள்ளம் சோர்வின்றி ஈடுபடுகின்றது என்பதைக் குறித்து வையுங்கள். வழிகாட்டுதல் பல்கலைக்கழகத்தின் கடமை. பயிற்சிக்கு இடமளித்தல் நாட்டின் கடமை. வழியைத் தேடிக் கேட்டல் உங்கள் கடமை. மூன்றும் கூடுமிடத்துப் பட்டம் வெறும் தாளாக நில்லாது, வாழ்வாக மலரும்.