உயிர் பிரியுமுன் ஒரு பாட்டு

காவிரிப் படுகையில் பாட்டில்லாத சாவு இல்லை. உயிர் பிரிந்ததும் ஒப்பாரி எழுகின்றது, பறை முழங்குகின்றது, சங்கு ஊதப்படுகின்றது. ஆனால், எவர்பொருட்டு அத்தனையும் எழுகின்றனவோ, அவர்தம் செவி அடங்கிய பின்னரே அவை தொடங்குகின்றன. செவி திறந்திருந்த இறுதி நாள்களில் அவருள் பலர் கேட்டவை எவை? மருத்துவமனைப் பொறிகளின் கீச்சொலியும், கதவுக்கு அப்பால் உறவினர் அடக்கிய விம்மலுமே! கேளாத செவிக்கு ஊர்கூடிப் பாடுவதும், கேட்கும் செவியைப் பாட்டின்றி விடுவதும் எவ்வகை அன்பு?

பழந்தமிழர் இவ்வாறு விட்டாரல்லர். புறநானூற்று 281-ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில், போர்ப்புண் பட்ட மறவன் ஒருவன் கிடக்கின்றான். மனையில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, குழலூதி, மணியடித்து, காஞ்சிப்பண் பாடி அவன் புண்ணைக் காப்போம் என்று பெண்ணொருத்தி தன் தோழியை அழைக்கின்றாள். பிழைப்பானோ மாட்டானோ, அறியார். எனினும் அவனைத் தனியே விட்டாரல்லர். நோயர் படுக்கையருகே இசைக்கு இடமுண்டு என்பது, மேலையர் சொல்லித் தமிழர் அறியவேண்டிய செய்தியன்று.

தஞ்சையிலேயே மருந்தும் பண்ணும் ஒருவர் கையில் கூடியிருந்தன. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் இசையையே மருந்தாகக் கொடுத்தார் என்பதன்று. மருத்துவன் இசையறிந்தவனாகவும் இருத்தல் இம் மண்ணுக்குப் புதிதன்று என்பதே கருதத்தக்கது.

பிற நாட்டார் இதனை முறைப்படுத்தி வருகின்றனர். இலண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்சு அம்மையார், சாவை எதிர்நோக்கியிருப்போர்க்கென இல்லமொன்றைத் தொடங்கினார். கனடாவின் மாண்ட்ரியல் மருத்துவமனையொன்றில் அத்தகையோர்க்கு இசை பயன்பட்ட முறை, 1978-இல் மருத்துவ இதழிலேயே எழுதப்பட்டது. 2020-இல் வான்கூவர் ஆய்வாளர், உணர்விழந்து கிடந்த இறுதிநிலை நோயர் சிலரின் மூளை, ஒலி மாறுபடும்போது நலமுடையார் மூளைபோன்றே எதிர்வினை காட்டக் கண்டனர். கேட்டதன் பொருளை அந்நோயர் உணர்ந்தனரா என்பதை அவ்வாய்வு சொல்லவில்லை. ஆயினும், ‘இனி எதுவும் கேட்காது’ என்று கூறி எவரும் விலகுதற்கு இடமில்லை.

இசை புற்றுநோயைத் தீர்க்கும் எனச் சொல்வோர் பொய்யர். கடுநோவுக்கு மார்பின் போன்ற மருந்தே வேண்டும்; அதனை மறுத்துப் பாட்டை நீட்டுதல் கொடுமையாகும். மருந்து நோவைத் தணித்த பின்னும் எஞ்சி நிற்பவை அச்சமும் தனிமையும். அங்கேதான் பாட்டுக்கு வேலையுண்டு.

எந்தப் பாட்டு? நோயர் உயிரோடு ஒன்றிய பாட்டு. நாற்று நட்டுக் காய்த்த கைகளையுடைய மூதாட்டிக்கு நடவுப்பாட்டு; சிவநெறியார்க்குத் தேவாரப்பண்; கிறித்தவர்க்குத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் பாடல்; நாகூர்ப்புறத்து இசுலாமியர்க்கு அவர்தம் தமிழ்ப்பாடல். அமைதியை விரும்புவார்க்கு அமைதியே. அறியாத மொழிப் பாட்டு அரங்கிற்குப் பொலிவு தரலாம். அஞ்சும் உயிர்க்கு ஆறுதல் தருமா? முதலில் தாலாட்டிய மொழியன்றோ முடிவிலும் ஆற்றும்?

தஞ்சைப் பெருங்கோயிலில் பதிகம் பாட 48 பாடகரையும், உடன் முழக்க இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான் இராசராசன், கல்வெட்டே சான்று. இறைவன் செவிக்கு ஐம்பதின்மரை அமர்த்திய ஊர், சாகும் உழவர் செவிக்கு ஒருவரையேனும் அமர்த்தலாகாதா? 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நோவுத்தணிப்புப் பணியை வீட்டிற்கே கொண்டுவந்தது. நோவின் அளவைக் கேட்பவர், விரும்பும் பாட்டையும் கேட்டெழுதட்டும். திருவையாற்று இசைக்கல்லூரி மாணவர்க்குப் படுக்கையருகே மெல்லப் பாடும் பயிற்சி அளிக்கப்படட்டும். மருத்துவமனைகள் இறுதி நாளில் உறவினர்க்குக் கதவு திறக்கட்டும். இசை பயிலாத மகளும், தன் தாய் தனக்குப் பாடிய தாலாட்டை அவளுக்கே திரும்பப் பாட அறிவாள்.

ஒப்பாரிக்குப் பின்னர் நேரமுண்டு. செவி திறந்திருக்கும்போதே பாடுக!