வேலி தாண்டிச் சொல்வோம்

சேலம், நாமக்கல் சமவெளியில் வீடும் பொடக்காலியும் வைத்திருக்கிற நாங்கள், மாடியில் நாலு தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, இதை அறிவிக்கிறோம். எங்கள் வாசலிலும் கிணற்றடியிலும் அன்றன்று கண்ணில் படுவதையும், கையால் செய்து பார்ப்பதையும் இனிமேல் எங்களோடு வைத்துக்கொள்ள மாட்டோம். மாமரம் முன்கூட்டியே பூத்தால் சொல்வோம். நட்டது பட்டுப்போனால் அதையும் சொல்வோம், கூச்சப்படாமல்.

இதற்கெல்லாம் ஓர் இயக்கமா என்று சிரிப்பவர்களுக்கு மரவள்ளிக் காட்டைக் காட்டுகிறோம்.

ஜவ்வரிசி ஆலைகளை நம்பி ஆத்தூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் முள்ளுவாடியும் குங்குமரோஸும் நட்டிருக்கிறோம். 2020-ல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தென்னமெரிக்காவில் பிறந்து, 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடிய பூச்சி அது. கொஞ்ச நாளில் நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. கொழுந்து சுருண்டு கொத்தாகும், கணுக்கள் நெருங்கும், தண்டு கோணும். வெயில் காலத்தில் பரவும் வேகம் சொல்லி மாளாது. எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள். ‘ஏதோ கள்ளிப்பூச்சி’ என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள், பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே.

மருந்தும் வெளியூரிலிருந்துதான் வந்தது. 1981-ல் பராகுவேயில் இந்த மாவுப்பூச்சியைத் தேடிப்பிடித்தபோது, அதற்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவி ஒன்றும் கிடைத்தது. அனகைரஸ் லோபெசி என்று பெயர், எள்ளைவிடச் சிறியது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிய அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு விஞ்ஞானிகள் தருவித்துப் பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். மிச்சம் நம்முடையது. குளவி வேலை செய்யும் காட்டில், மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகிக் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நல்ல அடையாளம். அதை அறியாமல் ஒருவர் மருந்தடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும், அடுத்த காட்டுக்குப் போகவிருந்த குளவிகளும் சேர்ந்துதான். “அக்கா, உங்க வள்ளிக் கொழுந்துல பூச்சி காஞ்சு கெடக்குதுங்க, இப்பத்திக்கு மருந்தடிச்சிராதீங்க” என்று வேலியோரம் நின்று ஒருவர் சொன்னால் போதும். எங்கள் கொள்கை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

பகிர்வதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டோம். மாவுப்பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுக் குச்சியில் ஒட்டிக்கொண்டுதான். தேமல் நோயும் அப்படியே. ஆசையாகக் கொடுக்கிற குச்சிக்கட்டோடு நோயும் போகும். ஆகவே குச்சி, பதியன், கிழங்கு எதைக் கொடுத்தாலும் எங்கிருந்து வந்தது, தாய்ச்செடி எப்படி இருந்தது என்று சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். சொல்ல முடியாததைக் கொடுக்க மாட்டோம்.

பூச்சி, நோய் மட்டுமல்ல, கைப்பக்குவமும் சொல்ல வேண்டியதுதான். நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. காகித அட்டையின் குழிகளில் மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் போட்டுத் தக்காளி விதைத்தால், நாற்றை வேரோடு பிடுங்காமல் குழியோடு வெட்டி நடலாம், அட்டை மண்ணோடு மக்கிவிடும். கோடையில் ஒருவேளை தண்ணீர் தவறினாலும் நாற்று வாடிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நன்றாக வந்ததை மட்டும் காட்டுவது விளம்பரம். லாரிப் பட்டறைகளில் ஒதுக்கிய பழைய டயரைப் பாதியாக வெட்டி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறோம், பழைய தார்ப்பாயைப் பந்தலாக்குகிறோம். இவற்றுக்கு யாரும் காப்புரிமை கேட்டதில்லை. ஒருவர் வீட்டில் இருப்பது அடுத்த தெருவுக்குத் தெரியாது என்பதுதான் குறை.

தண்ணீர் விஷயத்தில் நம் மௌனம் இன்னும் மோசம். நாட்டின் பல மூலைகளுக்கும் ஆழ்துளை போடப் போகிற ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புகின்றன. எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். நம் தெருக் கிணற்றின் மட்டம் போன மாதம் என்ன என்று நமக்குத் தெரியாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி, ஏராளமான வீடுகளில் குழாய் வைத்தாயிற்று. அது இன்று குழிக்குள் போகிறதா, சாக்கடைக்குள் போகிறதா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 900 லிட்டர். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவும் பள்ளிக்கூட அடிக்கோலும் போதும், ஒவ்வொரு வீடும் மழை அளக்கலாம். கிணறு உள்ளவர் கயிற்றில் முடிச்சுப் போட்டு மாதம் ஒருமுறை அளக்கட்டும். அளந்ததைச் சுவரில் எழுதட்டும்.

சாதாரண ஆட்கள் பார்த்து எழுதுவதற்கு மதிப்புண்டா என்ற சந்தேகம் வேண்டாம். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறார்கள். பொடக்காலியில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட மைனாவையும் செம்போத்தையும் எழுதினாலும் கணக்கில் சேரும்.

யார் சொல்வது என்பதிலும் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விவசாயக் கூட்டத்துக்கு அழைப்பு பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கோழிக்குத் தீனி வைப்பதும், களை எடுப்பதும் பெரும்பாலும் வேறு கைகள். முதலில் பார்ப்பது அந்தக் கண்கள்தான். பெண்கள், கூலிக்கு வருகிறவர்கள், குத்தகைக்காரர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லோரும் இங்கே முதல் வரிசை. ஆகவே கூடுமிடம் யார் வீட்டுத் திண்ணையும் அல்ல, ஒரு சாராருக்குச் சொந்தமான கோயில் மண்டபமும் அல்ல. எல்லாரும் செருப்போடு நடந்து வந்து உட்காரக்கூடிய அரசுப் பள்ளியின் மரத்தடியோ நூலகத் தாழ்வாரமோதான்.

போட்டி, பரிசு, பொன்னாடை கிடையாது. மருந்தடிக்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டோம், அவர் பார்த்ததும் எங்களுக்கு வேண்டும். சந்தா இல்லை. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, அதற்கு அவசரமும் இல்லை.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் ஊரில் கூடுங்கள். வெண்டை, அவரை, சுரை விதையிருந்தால் ஊரும் ஆண்டும் எழுதிய பொட்டலமாக எடுத்து வாருங்கள். இந்த வருஷம் முளைக்காததைப் பற்றிப் பேசவும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மரவள்ளிக் குச்சி மட்டும் கொண்டு வர வேண்டாம். கொழுந்து சுருண்ட செடி இருந்தால் பிடுங்கி எடுத்து வராமல், இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.