பொழுது யாருடையது?

கோயமுத்தூர், திருப்பூர் ஜில்லாக்களில் எந்த ஊர் பேக்கரிக்குப் போனாலும், ஒரே பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்து, ஐவரும் தத்தம் கைபேசியைக் குனிந்து பார்த்துக் கொண்டிருப்பதைக் காணலாம். டீ ஆறிப் போவதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. இவர்களில் அநேகர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், அதாவது ஏறக்குறைய 12 மணி நேரம், உழைத்துவிட்டு வந்தவர்களாயிருப்பார்கள்.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும்படியான மசோதா ஒன்று 2023 ஏப்ரல் 21ந் தேதி நமது சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி வேற்றுமையின்றி எதிர்த்ததன் பேரில் 24ந் தேதியே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1ந் தேதி வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே, முதலாளி கூடுதலாய்க் கேட்கும்போது அது நம்முடைய நேரம் என்பது நமக்கு நன்றாய்த் தெரிந்தே இருக்கின்றது. அப்படியிருக்க, வீடு திரும்பிய பின் கூலியும் கொடாமல், சம்மதமும் கேளாமல் இரண்டு மணி, மூன்று மணி நேரத்தை எடுத்துக் கொண்டு, அதை விளம்பரக்காரர்களுக்கு விற்றுப் பணமாக்கும் முதலாளியைப் பற்றி மாத்திரம் ஏன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று கேட்கின்றோம்.

அவர்கள் இதை மறைக்கவுமில்லை. பேஸ்புக் கம்பெனியின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், ஜனங்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாய் விழுங்கலாம் என்பதே ஆரம்பத்தில் தங்கள் யோசனையாயிருந்ததென்று 2017ல் தாமே ஒப்புக் கொண்டார்.

இந்தப் பறிமுதல் நமக்குப் புதிதல்ல. ராகு காலமென்று தினம் ஒன்றரை மணி, எமகண்டமென்று இன்னொரு ஒன்றரை மணி பஞ்சாங்கக்காரன் நம்மிடமிருந்து வாங்கிக் கொண்டுதான் இருந்தான். மில் சங்கு ராகு காலம் பார்த்து ஊதினதில்லை, ரயிலும் அதற்காக நின்றதில்லை. ஆனாலும் நாம் நின்றோம். வேடிக்கை என்னவென்றால், இன்று ராகு காலம் எப்போதென்று சொல்லுவதும் அதே கைபேசிதான்!

அப்படியானால் கைபேசியே வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். விஞ்ஞானக் கருவியை வேண்டாமென்பது நமது வேலையல்ல. வெளியூரில் வேலை செய்யும் மகளோடு பேசவும், மஞ்சள் விலை, நூல் விலை அறியவும் அது வேண்டியதுதான். ஆனால், கோயில் மணி கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக் கொண்ட பழக்கத்தை விட்ட நாம், இதன் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஓட வேண்டுமென்பது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது? அந்தச் சத்தத்தை நிறுத்திவைக்கும் வழி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கின்றது.

இன்னொரு விஷயம். ஆண்களுக்காவது பறிகொடுப்பதற்கு மாலைப் பொழுதென்று ஒன்று இருக்கின்றது. அதே கம்பெனியில் அதே ஒன்றரை ஷிப்ட் பார்த்து வரும் பெண்ணுக்கு அடுப்பும் பாத்திரமுந்தான் காத்திருக்கின்றன. கைபேசியைக் கீழே வைத்து மீத்த நேரத்தில் புருஷன்மார் முதலில் அந்தப் பாத்திரங்களைத் துலக்கட்டும். பத்திரிகையைப் பிறகு இருவருமாய் உட்கார்ந்து படிக்கலாம்.